மூன்றாவது ஓட்டு: சிறிய நிறுவனத்துக்கு நிற்காத தரவுத்தளம் அமைத்த எட்டு மாதங்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்கு, டெஸ்பாட்ச் பகுதியில் ஸ்கேன் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, முதன்மைச் சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கினேன். 38ஆவது நொடியில் துணைச் சர்வர் பொறுப்பேற்றது. 44ஆவது நொடியில் அடுத்த டெலிவரி சலான் வரிசை எண் பிசகாமல் அச்சாகி வந்தது. பிரிண்டர் அருகில் நின்றவர் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. இந்த 44 நொடிக்கு வந்து சேர எட்டு மாதமும் ரூ.48,000 செலவும் ஒரு முழு நாள் வேலை இழப்பும் ஆயின. வழியில் செய்த தவறுகளே அதிகம் என்பதால் அவற்றை வரிசையாகவே எழுதிவைக்கிறேன்.

நான் வேலை செய்வது திருப்பூரில் பின்னலாடைத் துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங் வேலையைக் கூலிக்குச் செய்து தரும் ஒரு நிறுவனத்தில். கணினி என்று எதைச் சொன்னாலும் அது என் தலையில்தான் விழும். இன்னொரு ஆள் கிடையாது. துணி உருளை உள்ளே வந்து எடை போடுவதிலிருந்து, லாட் எண் இட்டு, வேலை முடிந்து, சலானோடு லாரியில் ஏறுவது வரை எல்லாமே பைத்தானில் எழுதிய ஒரு செயலியில் பதிவாகின்றன. அதன் அடியில் இருந்தது 2019இல் நான் நிறுவிய உபுண்டு 18.04 என்ற இயங்குதளம், போஸ்ட்கிரெஸ் 12 என்ற தரவுத்தள மென்பொருள். தரவின் அளவு 46 ஜிபி. கடந்த ஆண்டு ஒரு நாள் அந்தச் சர்வருக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் புகைந்து, மாற்று வாங்கிவந்து பொருத்தும் வரை ஐந்தரை மணி நேரம் வாசலில் லாரிகள் நின்றன. அன்று இரவு முதலாளி கேட்டார்: “ரெண்டு மிஷின் வெச்சா நிக்காம ஓடுமுங்களா?” ஓடும் என்று சொன்னேன். அந்தப் பதிலில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

முதலில் செய்த ஒரு நல்ல காரியம், எவ்வளவு நேரம் நின்றால் தாங்கும் என்று டெஸ்பாட்ச் ஆட்களிடம் கேட்டது. கால் மணி நேரம் வரை பில் புத்தகத்தில் கையால் எழுதிச் சமாளிப்போம், அதற்கு மேல் போனால் லாட் கலந்துவிடும் என்றார்கள். ஆனால் அச்சிட்டு வெளியே போன ஒரு சலான்கூடத் தரவுத்தளத்திலிருந்து காணாமல் போகக் கூடாது. ஆக, நிறுத்தத்துக்கு 15 நிமிடம் வரை இடமுண்டு; இழப்புக்கு இடமே இல்லை. இவ்விரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன். அடுத்த பல மாதங்கள் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை என்பதுதான் என் முதல் தவறு.

கிளவுடில் நிர்வகிக்கப்படும் தரவுத்தளத்தை வாடகைக்கு எடுக்கும் வழியைச் சீக்கிரமே ஒதுக்கினேன். அங்கே காத்திருப்புச் சர்வரோடு சேர்த்து எடுத்தால் வாடகை ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதைவிடப் பெரிய தடை எங்கள் இணைய இணைப்பு: சாலையில் குழி தோண்டும் நாட்களில் அது அறுந்துவிடும், அப்போது கிளவுடில் தரவுத்தளம் எவ்வளவு உறுதியாக நின்றாலும் எங்கள் எடைமேடைக்குப் பயனில்லை. காம்பாக்டிங் இயந்திரமும் எடைமேடையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் தொழிலுக்குச் சர்வரும் அதே கூரையின் கீழ் இருப்பதுதான் பொருத்தம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பொங்கல் விடுமுறையில் ரூ.16,500க்கு ஒரு புதுப்பித்த அலுவலகக் கணினியை வாங்கினேன். ஐ5, 16 ஜிபி நினைவகம். அதைக் கணக்குப் பிரிவு அறையில் வைத்து, புத்தம் புதிதாக இருக்கட்டுமே என்று உபுண்டு 22.04 போட்டு, அதே போஸ்ட்கிரெஸ் 12ஐ நிறுவினேன். பிஜி பேஸ்பேக்அப் கட்டளையை ஒரு முறை ஓட்டியதும், ஒன்றரை மணி நேரத்தில் முதன்மையின் முழு நகல் துணையில் வந்து அமர்ந்து, அதன் பிறகு ஒவ்வொரு மாற்றமும் நொடிக்கும் குறைவான தாமதத்தில் வந்து சேர்ந்தது. இவ்வளவு எளிதா என்று மகிழ்ந்து, அறிக்கைகளையெல்லாம் துணைச் சர்வரிலிருந்தே எடுக்கும்படி மாற்றிவிட்டேன்.

மூன்றாம் நாள் கணக்குப் பிரிவிலிருந்து புகார் வந்தது: சில லாட் எண்களைத் தேடினால் இல்லை என்கிறது, அதே எண்ணை டெஸ்பாட்ச் கணினியில் தேடினால் வருகிறது. எல்லாமே நடுவில் சிறுகோடு உள்ள எண்கள். நகலெடுப்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு நாள் அங்கேயே தேடிக்கொண்டிருந்தேன்; அது சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கோளாறு இருந்த இடம் வேறு. போஸ்ட்கிரெஸ் எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை இயங்குதளத்தின் ஜிலிப்சி நூலகத்திடம் கேட்கிறது. அந்த நூலகம் 2.28ஆம் பதிப்பில் வரிசை விதிகளைப் பெரிய அளவில் மாற்றியது. உபுண்டு 18.04இல் இருப்பது 2.27, 22.04இல் இருப்பது 2.35. பழையதில் “11” முன்னும் “1-1” பின்னும் வரும், புதியதில் தலைகீழ். இவ்வகை நகலெடுப்பு, விரைவாகத் தேட உதவும் வரிசைப் பட்டியல்களான இன்டெக்ஸ்களையும் அப்படியே பைட்டுக்குப் பைட் நகலெடுப்பதால், பழைய வரிசைப்படி அடுக்கிய இன்டெக்ஸில் புதிய வரிசைப்படி தேடிய துணைச் சர்வர், இருப்பதை இல்லை என்றது. இரண்டு வரியை ஒரு கோப்பில் எழுதி, இரு இயந்திரங்களிலும் வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளை கொடுத்துப் பார்த்திருந்தால் இது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து எந்தப் புதிய இயந்திரத்திலும் முதலில் செய்வது இந்தச் சோதனைதான். துணையில் 22.04ஐ அழித்து, வழக்கமான பராமரிப்பு 2023இலேயே முடிந்துபோன 18.04ஐயே கூச்சத்தோடு திரும்பப் போட்டேன்.

இதுவரை செய்தது நகல் மட்டுமே. முதன்மை விழுந்தால் துணை தானாக எழ வேண்டும். இதற்குக் கீப்அலைவ்டி என்ற சிறு நிரலைத் தேர்ந்தேன். இரண்டு சர்வர்களுக்கும் பொதுவாக ஒரு மிதக்கும் ஐபி முகவரி இருக்கும். முதன்மை, அதில் போஸ்ட்கிரெஸ் ஓடும் வரை, நொடிக்கொரு முறை “நான் இருக்கிறேன்” என்று அறிவித்துக்கொண்டே இருக்கும். அறிவிப்பு நின்றால் துணை அந்த முகவரியை எடுத்துக்கொள்ளும். அப்படி எடுக்கும் கணத்தில் துணையின் போஸ்ட்கிரெஸை முதன்மை நிலைக்கு உயர்த்தும்படி ஆறு வரி ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். முதன்மையை ஷட்டவுன் செய்து சோதித்தபோது நான்கே நொடியில் மாறியது. முதலாளியை அழைத்துக் காட்டினேன். அவர் தேநீர் வாங்கித் தந்தார். அந்த ஒரே ஒரு சோதனையோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் வலையமைப்பை இங்கே சொல்லியாக வேண்டும். டெஸ்பாட்ச் அறையில் ஒரு சுவிட்ச், கணக்குப் பிரிவில் ஒரு சுவிட்ச். இரண்டும் யுபிஎஸ்ஸில் இருந்தன. இடையே தூரம் அதிகம் என்பதால் நடைவழிச் சுவரில் ஐந்து போர்ட் கொண்ட சிறு சுவிட்ச் ஒன்று நடுவில் தொங்கியது. அது மட்டும் நேரடி மின்சாரத்தில் இருந்ததை, பல ஆண்டுகளாகத் தினமும் அதன் கீழே நடந்து போன நான் கவனித்ததே இல்லை.

மார்ச் மாதத்தில் ஓர் இரவு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் எழ 40 நொடி ஆனது. அந்த 40 நொடியும் இரண்டு சர்வர்களும் நலமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. நடுவே இருந்த சுவிட்ச் மட்டும் செத்திருந்தது. அறிவிப்பு வராததால், முதன்மை இறந்துவிட்டது என்று எண்ணிய துணை, என் ஸ்கிரிப்ட்டின்படி தன்னை முதன்மையாக உயர்த்திக்கொண்டது. மின்சாரம் திரும்பியதும், முன்னுரிமை அதிகமுள்ள பழைய முதன்மையின் குரலைக் கேட்டு, மிதக்கும் முகவரியை மட்டும் விட்டுக்கொடுத்துப் பணிந்தது. ஆனால் அதனுள் இருந்த போஸ்ட்கிரெஸ் முதன்மையாகவே நின்றுவிட்டது. உயர்த்துவதற்கு ஸ்கிரிப்ட் எழுதிய நான் இறக்குவதற்கு எழுதவில்லை. ஒரே உறையில் இரண்டு கத்தி. நகலெடுப்பு அந்த நொடியோடு நின்றது. அறிக்கைகளில் புதிய நாளின் எண்கள் இல்லாததைக் கணக்குப் பிரிவினர் பார்த்திருக்கிறார்கள். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் அவசரத்தில், அவரவர் டெஸ்பாட்ச் கணினிக்குப் போய் எடுத்துக்கொண்டார்களே ஒழிய என்னிடம் சொல்லவில்லை. நானும் எந்தக் கண்காணிப்பும் வைத்திருக்கவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் பழுதான நகல் என்ற அளவில் போயிருக்கும். ஆனால் நகலெடுப்புக்கு நான் ஸ்லாட் என்ற வசதியைப் பயன்படுத்தியிருந்தேன். துணை படித்து முடிக்காத மாற்றப் பதிவுக் கோப்புகளை முதன்மை அழிக்காமல் வைத்திருக்கும் ஏற்பாடு அது. இந்தக் கோப்புகளைச் சுருக்கமாக ‘வால்’ என்பார்கள். பெயருக்கேற்ப அந்த வால் நீண்டுகொண்டே போனது. நாளொன்றுக்கு மூன்றரை ஜிபிக்கும் மேல், 11 நாளில் 40 ஜிபி. தரவுக்கென ஒதுக்கிய பகுதி 100 ஜிபி. அதில் தரவு 46, நான் அழிக்க மறந்த பழைய டம்ப் கோப்புகள் (முழுத் தரவையும் கொட்டி எடுத்த நகல்கள்) 12. பதினோராம் நாள் காலை 10.20க்கு இடம் தீர்ந்து, எழுத வழியில்லாமல் முதன்மை போஸ்ட்கிரெஸ் நின்றது. இந்த நிறுத்தத்துக்குக் காரணம் வன்பொருளும் அல்ல, மின்சாரமும் அல்ல. நிற்காமல் இருக்க நான் கட்டிய ஏற்பாடே காரணம். ஸ்லாட் எவ்வளவு சேர்க்கலாம் என்று உச்சவரம்பு வைக்கும் அமைப்பு போஸ்ட்கிரெஸ் 13இல்தான் வந்தது. எங்களிடம் இருந்தது 12.

கீப்அலைவ்டி தன் கடமையைச் செய்தது. மிதக்கும் முகவரி துணைக்குப் போனது. துணை, 11 நாள் பழைய தரவோடு, எழுதவும் தயாராக வரவேற்றது. 25 நிமிடம் கழித்து டெஸ்பாட்சிலிருந்து அழைப்பு: “ஏனுங்ண்ணா, போன வாரத்து சலான் ஒண்ணையும் காணோமுங்க.” அதற்குள் 37 புதிய சலான்கள், ஏற்கெனவே வேறு பார்ட்டிகளுக்குக் கொடுத்து முடித்த எண்களிலேயே அச்சாகியிருந்தன, அவற்றில் 19 லாரி ஏறிப் போய்விட்டன.

எல்லாக் கணினிகளிலும் செயலியை நிறுத்தச் சொல்லிவிட்டு முதன்மையின் முன் உட்கார்ந்தபோது, வால் கோப்புகள் இருக்கும் அடைவுக்குள் போய்ப் பழையவற்றைக் கையால் அழித்துவிடலாம் என்று விரல் துடித்தது. அதைச் செய்திருந்தால் தரவுத்தளமே மீள முடியாமல் போயிருக்கும். அழிக்க வேண்டியது டம்ப் கோப்புகளை. 12 ஜிபி விடுபட்டதும் போஸ்ட்கிரெஸ் எழுந்தது. ஸ்லாட்டை நீக்கியதும் மாற்றங்களைத் தரவுக் கோப்புகளில் எழுதி முடிக்கும் அடுத்த செக்பாயின்ட்டில் வால் தானாகவே சுருங்கியது. இதற்கு 20 நிமிடம்தான். துணையில் விழுந்த 37 சலான்களையும் பிரித்தெடுத்து, புதிய எண் கொடுத்து, 19 பார்ட்டிகளுக்கும் ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் பேசித் திருத்தி முடிக்க மாலை 5 மணி ஆனது. முதலாளி அன்று திட்டியதை நியாயமில்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

அடுத்த இரண்டு மாதம் தானியங்கி எதுவும் வேண்டாம் என்று கையால் மாற்றும் முறைக்குப் போனேன். கீப்அலைவ்டியை நீக்கிவிட்டு, முதன்மை விழுந்தால் என்னென்ன பார்த்து, எந்தக் கட்டளையை எந்தச் சர்வரில் கொடுப்பது என்பதை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பழைய முதன்மையின் மின்கம்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் துணையை உயர்த்த வேண்டும் என்பது அதில் முதல் வரி. ஒத்திகை பார்த்ததில், நான் அலுவலகத்தில் இருந்தால் 6 நிமிடம் ஆனது. ஒரே ஷிப்ட் ஓடும் நிறுவனம் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். இரண்டாவது இயந்திரமும், நகலெடுப்பும், ஒரு தாளும் போதும். எங்களுக்கு இரவு ஷிப்ட் உண்டு. என் வீடு 14 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

இரண்டு பேர் மட்டும் இருக்கும் அவையில், எதிரில் இருப்பவர் பேசவில்லை என்றால் அவர் இறந்தாரா, இடையில் கதவு சாத்தப்பட்டதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. மூன்றாவது ஓட்டு ஒன்று வேண்டும். வட்டையே நகலெடுக்கும் டிஆர்பிடியும் பொறுப்பை மாற்றும் பேஸ்மேக்கரும் சேர்த்து அமைத்தாலும், மரியாடிபி என்ற வேறு தரவுத்தளத்துக்கு மாறி அதன் கலேரா கூட்டமைப்பை அமைத்தாலும் கடைசியில் இதே இடத்தில்தான் வந்து முட்டுகிறோம். ஒன்று, மூன்றாவது சாட்சி வேண்டும், இல்லையென்றால் எதிர்ச் சர்வரின் மின்சாரத்தையே வெட்டும் கருவி வேண்டும். பெரிய இடங்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. 2018 அக்டோபர் 21 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் நிறுவனத்தின் வலையமைப்பில் 43 நொடி நேர்ந்த துண்டிப்பில், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்த மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் முதன்மைப் பொறுப்பு தானாகவே மேற்குக் கரைக்குப் போய், இரு பக்கமும் ஒத்துவராத பதிவுகள் சேர்ந்து, சேவை சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. அவர்களிடம் ஓட்டெடுக்கும் ஏற்பாடும் இருந்தது. முதலாளியிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

நான் தேர்ந்தது, போஸ்ட்கிரெஸின் முதன்மைப் பொறுப்பை நிர்வகிக்கும் பேட்ரோனி. ஜெர்மனியில் இணையவழி ஆடை விற்கும் சாலாண்டோ நிறுவனத்தார் உருவாக்கித் திறந்த மூலமாக வெளியிட்டது. துணி விற்பவர்கள் செய்த கருவி துணிக்கு வேலை செய்பவர்களிடம் வந்து சேர்ந்தது பொருத்தம்தான். முதன்மை யார் என்ற உரிமையை அது எட்சிடி என்ற சிறு பொதுப் பதிவேட்டில் ஒரு சாவியாக வைத்திருக்கும். சாவியின் ஆயுள் இயல்பாக 30 நொடி. முதன்மை 10 நொடிக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க முடியாவிட்டால், நலமாக இருந்தாலும், அது எழுதும் உரிமையைத் தானே விட்டு இறங்கிவிடும். மார்ச்சில் எனக்கு இல்லாமல் போனது இந்த இறங்கும் குணம்தான். எட்சிடி மூன்று இடங்களில் ஓட வேண்டும். மூன்றில் இரண்டு ஒத்துக்கொண்டால்தான் எந்த முடிவும் செல்லும்.

இந்த முறை இரண்டு சர்வர்களிலும் உபுண்டு 22.04, போஸ்ட்கிரெஸ் 16. பழைய கோப்புகளைத் தூக்கி வராமல், ஞாயிற்றுக்கிழமை டம்ப் எடுத்துப் புதிதாக ஏற்றினேன். 1 மணி 50 நிமிடம் ஆனது, இன்டெக்ஸ்கள் எல்லாம் புதிய வரிசையில் கட்டப்பட்டன. தரவுத்தளத்தை உருவாக்கும்போதே, தரவுச் சிதைவைக் கண்டுபிடிக்கும் செக்சம் வசதியை இயக்கினேன். இது இருந்தால் விழுந்து எழுந்த பழைய முதன்மையை பிஜி ரீவைண்ட் என்ற கருவி மூலம் முழு நகல் எடுக்காமல் துணையாகச் சேர்க்கலாம். ஸ்லாட்டுக்கு 20 ஜிபி உச்சவரம்பு வைத்தேன். எஸ்எஸ்டிகளையும் மாற்றினேன். சாதாரண எஸ்எஸ்டியில் பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் என்ற சோதனையை ஓட்டியபோது, வட்டில் எழுதியதை நொடிக்கு 410 முறைதான் உறுதி செய்ய முடிந்தது. மின்னிழப்புப் பாதுகாப்பு உள்ள, டேட்டா சென்டர்களில் கழித்த 480 ஜிபி எஸ்எஸ்டியில் 6,800. ஒன்று ரூ.7,800 வீதம் இரண்டு வாங்கினேன். இந்த முழு வேலையிலும் மறு யோசனையின்றி மீண்டும் செய்யக்கூடிய செலவு இது ஒன்றுதான்.

மூன்றாவது எட்சிடிக்கு ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு பலகைக் கணினி, அடாப்டர், பெட்டியோடு ரூ.6,900. அதை எஸ்டி கார்டில் ஓட்டினேன். இது அடுத்த தவறு. எட்சிடி ஒவ்வொரு முடிவையும் வட்டில் எழுதி உறுதி செய்த பிறகே பதில் சொல்லும். நூற்றில் 99 முறை அது 10 மில்லி நொடிக்குள் முடிய வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு; என் கார்டு சில நேரங்களில் முழு நொடியையும் தாண்டியது. அந்தச் சிறு பலகை தொண்டனாக இருக்கும் வரை மற்ற இரண்டும் சேர்ந்து சமாளித்துக்கொண்டன. அது தலைவராகும்போதெல்லாம் பதிவேடே திணறியது. ஒரே இரவில் இரண்டு முறை போஸ்ட்கிரெஸ் காரணமே இல்லாமல் படிக்க மட்டும் என்ற நிலைக்கு இறங்கி ஏறியது. ரூ.1,900க்கு யுஎஸ்பி வழி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டதும் இது முற்றிலும் நின்றது. ரூ.650 கொடுத்து வாங்கிய கார்டு இப்போது என் மகளின் கேமராவில் இருக்கிறது.

அந்தப் பலகையை எங்கே வைப்பது என்பது ஒரு வாரம் யோசிக்க வேண்டிய கேள்வியாக இருந்தது. டெஸ்பாட்ச் அறையில் வைத்தால், அந்த அறையே இருண்டால் மூன்றில் இரண்டு ஓட்டு ஒருசேரப் போய்விடும். துணை தனியே விழித்துக்கொண்டு நிற்கும். கணக்குப் பிரிவில் வைத்தாலும் அதே கதை, திசை மட்டும் மாறும். கடைசியில் இரண்டு அறைகளுக்கும் நடுவில், மார்ச்சில் என்னைக் கவிழ்த்த அதே நடைவழிச் சுவரில், ஒரு இரும்புப் பெட்டி அடித்து, புதிய சுவிட்ச்சும் பலகையும் 600 விஏ யுபிஎஸ்ஸும் உள்ளே வைத்தேன். அதே மாதிரி இன்னொரு சுவிட்ச்சை உதிரியாக அலமாரியில் வைத்திருக்கிறேன்.

சலான் ஒன்றுகூடத் தொலையக் கூடாது என்ற நோட்டின் முதல் பக்கம் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. இயல்பான நகலெடுப்பில், முதன்மை “பதிந்தாயிற்று” என்று சொன்ன பின்னரும், துணைக்குப் போய்ச் சேராத கடைசிச் சில பதிவுகள் விபத்தில் காணாமல் போகலாம். பேட்ரோனியில் ஒத்திசைவு முறையை இயக்கினேன்: துணையும் எழுதி முடித்த பிறகே செயலிக்குப் பதில் போகும், துணை பழுதானால் பேட்ரோனி அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி வேலையை நடக்கவிடும். ஒரு பதிவுக்கு ஆகும் நேரம் 0.9 மில்லி நொடியிலிருந்து 2.1 ஆனது. எடைமேடையில் நிற்பவருக்கு அந்த வேறுபாடு தெரியப்போவதில்லை.

மிதக்கும் முகவரியைக் கைவிட்டேன். இணைப்புகளைச் சரியான சர்வருக்குத் திருப்பிவிடும் ஹெச்ஏபிராக்ஸியை நடுவில் வைப்பது வழக்கமான முறை. ஆனால் அது விழுந்தால் என்ன செய்வது என்று இன்னொரு இரட்டை அமைக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் 10இலிருந்து அதன் இணைப்பு நூலகமே பல முகவரிகளை ஏற்கும். எழுத முடிகிற சர்வர் எதுவோ அதில் சேர் என்று சொன்னால் போதும். எங்கள் செயலியில் ஒரே ஒரு வரியை மாற்றினேன்.

அந்த ஒரு வரிதான் கடைசிப் பாடத்தையும் கற்றுத் தந்தது. ஜூன் மாதச் சோதனையில் முதன்மையின் மின்கம்பியைப் பிடுங்கியபோது 41 நொடியில் துணை எழுந்தது. புதிதாகத் திறந்த செயலிகள் ஓடின. ஏற்கெனவே திறந்திருந்த ஸ்கேன் நிலையங்கள் மட்டும் உறைந்து நின்றன. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்: 15 நிமிடத்துக்கும் மேல். எதிர்முனை சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தால், அனுப்பிய பொட்டலத்துக்குப் பதில் வரும் என்று லினக்ஸ் தன் இயல்பான அமைப்பில் ஏறக்குறைய அவ்வளவு நேரம் திரும்பத் திரும்ப அனுப்பிக் காத்திருக்கும். ஷட்டவுன் செய்து சோதித்தால் இது தெரியாது, ஏனென்றால் ஷட்டவுனில் சர்வர் இணைப்புகளை முறையாக மூடி விடைபெறுகிறது; கம்பியைப் பிடுங்கினால் விடைபெற நேரம் ஏது? இணைப்பு வரியில் டிசிபி காத்திருப்பு உச்சவரம்பை 10 நொடியாகவும், புதிய இணைப்புக்கான காத்திருப்பை 3 நொடியாகவும் வைத்து, இணைப்பு அறுந்தால் மீண்டும் முயலும்படி செயலியில் 20 வரி எழுதிய பிறகே ஸ்கேன் நிலையங்களும் சேர்ந்து மீண்டன.

அதன் பிறகு விழச் செய்ய முடிந்த எல்லாவற்றையும் விழச் செய்தேன். மின்கம்பி பிடுங்கிய ஐந்து முறையில் 34 முதல் 41 நொடி. நெட்வொர்க் கம்பியை மட்டும் கழற்றியபோது பழைய முதன்மை தானே இறங்கியது. கம்பியைச் செருகியதும் ரீவைண்ட் ஆகி இரண்டு நிமிடத்தில் துணையாகச் சேர்ந்தது. போஸ்ட்கிரெஸ் செயல்முறையை மட்டும் கொன்றபோது மாற்றமே நடக்கவில்லை. பேட்ரோனி அதே இடத்தில் எழுப்பிவிட்டது. ராஸ்பெர்ரி பையை அணைத்தால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கடைசியாக நடைவழிச் சுவிட்ச்சை அணைத்தேன். மூவரும் தனித்தனியாயினர், யாருக்கும் பெரும்பான்மை இல்லை, முதன்மை அரை நிமிடத்துக்குள் இறங்கியது, மொத்த வேலையும் நின்றது. மூன்று நிமிடம் கழித்து இயக்கினேன். 20 நொடிக்குள் ஒரே ஒரு முதன்மை. பக்கத்தில் நின்ற முதலாளி, “அப்ப இந்த டப்பா போனா எல்லாம் நிக்குமுங்களா?” என்றார். “நிக்கும்ங்க. ஆனா ரெண்டா ஓடாதுங்க,” என்றேன். உதிரிச் சுவிட்ச்சை மாற்ற அவருக்கே கற்றுக்கொடுத்தேன். 4 நிமிடத்தில் மாற்றினார்.

காப்புநகல் தனி வேலை. யாரேனும் தவறாக ஓர் அட்டவணையை அழித்தால், அந்த அழிப்பும் மில்லி நொடியில் துணைக்குப் போய்விடும். பிஜி பேக்ரெஸ்ட் என்ற கருவி கொண்டு தினமும் காப்புநகலும், தொடர்ச்சியாக வால் கோப்புகளும் எடுத்து, ஒரு பிரதியை வெளியே வாடகைச் சேமிப்பகத்துக்கு அனுப்புகிறேன், மாதம் ரூ.350 அளவில் ஆகிறது. மதியம் 2.15க்கு இருந்த நிலைக்கு மீட்டுப் பார்த்ததில் 22 நிமிடம் ஆனது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில், துணையில் இருப்பதாக எண்ணி முதன்மையின் தரவு அடைவை ஒரு பொறியாளர் அழித்துவிட்டதும், காப்புநகல்கள் பலவும் பயன்படாமல் போய், ஆறு மணி நேரம் முந்தைய நகலிலிருந்து மீண்டதும் இத்துறையில் எல்லோரும் அறிந்ததே. அதைப் படித்த பிறகு என் முனையத்தில் முதன்மைக்குச் சிவப்புப் பின்னணி, துணைக்குப் பச்சை. பொறுப்பு மாறினால் நிறமும் மாற வேண்டும் என்பதால், நிறத்தைப் பெயரை வைத்து அல்லாமல் அந்த நேரத்து நிலையைக் கேட்டு முடிவு செய்யும்படி எழுதியிருக்கிறேன்.

கண்காணிப்புக்குப் பெரிய மென்பொருள் எதுவும் போடவில்லை. நிமிடத்துக்கொரு முறை ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் மூன்று கேள்வி கேட்கிறது: முதன்மை என்று சொல்லிக்கொள்வோர் சரியாக ஒருவர்தானா, துணை இணைந்திருக்கிறதா, வட்டில் 30 விழுக்காடு இடம் உள்ளதா. ஒன்று தவறினாலும் என் டெலிகிராமுக்கும் முதலாளியின் டெலிகிராமுக்கும் செய்தி போகும். இது மார்ச்சில் இருந்திருந்தால், அந்த 11 நாளும் ஒரு நிமிடமாக முடிந்திருக்கும்.

செலவைக் கூட்டினால்: கணினி ரூ.16,500, எஸ்எஸ்டி இரண்டு ரூ.15,600, ராஸ்பெர்ரி பை ரூ.6,900, அதன் எஸ்எஸ்டி ரூ.1,900, வீணான கார்டு ரூ.650, யுபிஎஸ் ரூ.2,900, சுவிட்ச் இரண்டு ரூ.2,300, பெட்டியும் கேபிளும் ரூ.1,250, ஆக ரூ.48,000. என் உழைப்பு 70 மணி நேரத்துக்கு மேல்.

மறுபடி செய்வதானால், ராஸ்பெர்ரி பைக்குப் பதில் அதே விலைக்குக் கிடைக்கும் பழைய சிறு கணினியை வாங்குவேன். பலகை, அடாப்டர், எஸ்எஸ்டி என்று தொங்கும் கம்பிகள் குறையும். பேட்ரோனிக்கு முன்பே கண்காணிப்பு ஸ்கிரிப்ட்டை எழுதுவேன். முதல் சோதனையையே மின்கம்பியைப் பிடுங்கித் தொடங்குவேன். மாதத்தின் முதல் செவ்வாயன்று பொறுப்பை வேண்டுமென்றே மாற்றிப் பார்ப்பதை இப்போது வழக்கமாக்கியிருக்கிறேன். திட்டமிட்ட மாற்றம் 5 நொடியில் முடிகிறது.

மீதமிருப்பது ஒன்று. நடைவழிப் பெட்டிக்கு மின்சாரம் வரும் பிளக் பாயின்ட் வெளியே, கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. ‘கழற்றக் கூடாது’ என்று எழுதி ஒட்டியும், போன வாரம் யாரோ யுபிஎஸ் கம்பியைக் கழற்றிவிட்டுச் செல்போன் சார்ஜரைச் செருகியிருந்தார்கள். யுபிஎஸ் கத்தியதைக் கேட்டு ஓடிவந்து மாற்றினேன். எலக்ட்ரீஷியனிடம் அந்தப் பாயின்ட்டைப் பெட்டிக்குள் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன். பூட்டோடு சேர்த்து ரூ.600 கேட்கிறார்.